பட்டம் பெறாத பேரறிஞர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நடைபெறும் இவ்விழா மேடையில் அரை மணி நேரத்தைச் சொற்பொழிவுக்கென ஒதுக்கி வைப்பது நம் சங்கத்தின் நல்ல வழக்கம். அந்த அரை மணி நேரத்தை இவ்வாண்டு செயற்குழுவினர் எம்மிடம் ஒப்படைத்துள்ளனர். யாம் புலவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் வரை கற்று, இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடும் பேரேடுகளோடும் காலங்கழித்து வருகின்றோம். ஆதலின், எம்மைப் போலவே பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவரைப் பற்றிப் பேசுவதே பொருத்தமெனக் கருதினோம். ஆனால் அவர் பேரறிஞர். பழைய விவிலியச் சுவடிகளை ஆராய்ந்த உலகத்து அறிஞர் வரிசையில் நிலைத்த இடம் பெற்றவர். ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் என்பது அவ்வம்மையாரின் பெயர். அவருக்கு வாழ்நாள் முழுதும் துணையாயிருந்தவர், அவருடன் இரட்டையராய்ப் பிறந்த மார்கரெட் டன்லப் கிப்ஸன் என்னும் அம்மையார்.

அவர்தம் பெருமையை உணர்வதற்கு முன், சுவடி ஆராய்ச்சி என்பது யாதெனச் சிறிது காண்போம். அச்சுக்கலை ஐரோப்பாவில் பரவியது 15-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, விவிலியம் கையாலேயே படியெடுக்கப்பட்டு வந்தது. ஒரு பேரேட்டிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கைப் பெயர்த்தெழுதும் எம் போன்றோர் நன்கு அறிவர்: ஓர் இலக்கம் பிறழ்ந்தால் அப்பிழை அடுத்த ஏட்டிற்குச் செல்லும், அங்கிருந்து அதற்கடுத்த ஏட்டிற்கும் செல்லும். நூல்களுக்கும் இதே நிலைதான். படியெடுத்தவர் ஒரு வரியை விட்டிருப்பார். மற்றொருவர் விளக்கத்திற்கென ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார். ஆகவே மூலத்தை நாடும் அறிஞர், மிகப் பழைய படிகளைத் தேடிச் சென்று, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இது முன்னையது, இது பின்னையது என்று தெளிகின்றனர்.

இத்தேடலில் ஒரு விந்தையும் உண்டு. அக்காலத்தில் ஆட்டுத் தோலையும் கன்றுத் தோலையும் பதப்படுத்தி அவற்றின்மீது எழுதினர். தோல் விலையுயர்ந்த பொருள். எனவே பழைய நூலொன்று வேண்டாததாய்விட்டால், அதன் எழுத்தைச் சுரண்டியும் கழுவியும் அழித்துவிட்டு, அதே தோலின்மீது வேறு நூலை எழுதினர். இத்தகைய சுவடியைக் கிரேக்கச் சொல்லால் 'பாலிம்ப்செஸ்ட்' என்பர். நாம் அழித்தெழுது சுவடி என்போம். அழித்த எழுத்து முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. பல நூற்றாண்டுகள் கழித்தும் மேலெழுத்தின் அடியில் மங்கலாய்த் தோன்றும். ஆக்னஸ் அம்மையாரின் புகழுக்கு அடிப்படை, அவ்வாறு மங்கிக் கிடந்த ஓர் எழுத்தேயாகும்.

இரட்டையர் இருவரும் 1843-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் இர்வின் என்னும் ஊரில் பிறந்தனர். பிறந்த சில வாரங்களில் அன்னையை இழந்தனர். தந்தையார் ஜான் ஸ்மித் ஒரு வழக்கறிஞர். அவர் தம் பெண்மக்களுக்கு ஒரு வாக்குறுதி தந்திருந்தார்: எந்த நாட்டின் மொழியை நீங்கள் கற்கின்றீர்களோ, அந்த நாட்டிற்கு உங்களை அழைத்துச் செல்வேன் என்பதே அது. அதன் பயனாக இளமையிலேயே பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் ஆகிய மொழிகள் அவர்களுக்குக் கைவந்தன. மொழியைத் தேர்வுக்குரிய பாடமாக அன்றி, ஒரு மக்களின் வீட்டிற்குள் நுழையும் வழியாகக் கண்டனர்.

1866-இல் தந்தையார் மறைந்தார். பெருஞ்செல்வம் இருவரிடமும் வந்து சேர்ந்தது. 1868-இல் எகிப்து நாட்டிற்குப் பயணம் செய்தனர். 1883-இல் கிரேக்க நாட்டைச் சுற்றி வந்தனர். அதற்கெனக் கிரேக்கரின் இக்கால வழக்கு மொழியைப் பேசப் பழகினர். மார்கரெட் அம்மையார் 1883-இல் மணம் புரிந்தார். கணவரை 1886-இல் இழந்தார். ஆக்னஸ் அம்மையார் 1887-இல் கேம்பிரிட்ஜ் நகரில் கல்லூரி நூலகராயிருந்த சாமுவேல் லூயிஸ் என்பவரை மணந்தார். அவரும் 1891-இல் காலமானார். இவ்வாறு நாற்பத்தெட்டாம் அகவையில் இருவரும் கைம்பெண்களாய் ஒரே வீட்டில் மீண்டும் ஒன்று சேர்ந்தனர்.

அந்நாளில் பலர் எண்ணியிருப்பர், இவர்தம் வாழ்க்கை இனி முடிந்ததென்று. உண்மையில் அவர்தம் பெரும்பணி அங்கேதான் தொடங்கிற்று.

சீனாய் மலையின் அடிவாரத்தில் புனித கத்தரீன் மடம் உள்ளது. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் எழுப்பிய மடம் அது. கிரேக்கத் துறவியர் அங்கு வாழ்கின்றனர். பாலைவனத்தின் வறண்ட காற்றில் ஆயிரக்கணக்கான பழஞ்சுவடிகள் அங்குச் சிதையாமல் நிலைத்தன. 1889-இல் ரெண்டல் ஹாரிஸ் என்னும் அறிஞர் அம்மடத்திற்குச் சென்று, மறைந்துபோனதாகக் கருதப்பட்ட ஒரு பழைய நூலின் சிரியாக் மொழிபெயர்ப்பைக் கண்டெடுத்தார். மடத்தின் இருட்டறை ஒன்றில், எவரும் முறையாய் ஆராயாத சிரியாக் சுவடிகள் பெட்டிகளில் கிடக்கின்றன என்பதையும் கூறினார். அதனை அறிந்த ஆக்னஸ் அம்மையார் சீனாய்க்குச் செல்லத் துணிந்தார்.

சிரியாக் என்பது இயேசு பெருமான் பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. நம் அண்டை நிலமான கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டில் இம்மொழி நெடுங்காலமாய் ஒலித்து வருகின்றது. ஆதலின் இந்தியராகிய நமக்கும் இது முற்றிலும் புதிய பெயரன்று. ஆக்னஸ் அம்மையார் எபிரேயமும் அரபும் முன்னரே அறிந்தவர். தம் நாற்பத்தெட்டாம் அகவையில் சிரியாக் மொழியின் அரிச்சுவடியைத் திறந்தார். அத்துடன், ரெண்டல் ஹாரிஸிடம் புகைப்படக் கலையையும் இருவரும் கற்றனர். புகைப்படக் கருவியுடனும் படச்சுருள்களுடனும் ஒட்டகங்களின்மீது பாலைவனம் கடந்து, 1892-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மடத்தை அடைந்தனர்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். அம்மடத்தார் அயல்நாட்டு அறிஞரை ஐயுறக் காரணம் இருந்தது. 1859-இல் டிஷெண்டார்ஃப் என்னும் புகழ்பெற்ற ஜெர்மானிய அறிஞர், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க விவிலியச் சுவடி ஒன்றை அம்மடத்திலிருந்து பெற்றுச் சென்றார். கேட்கும்போது திருப்பித் தருவதாகத் தம் கையால் எழுதியும் கொடுத்தார். அச்சுவடி ருஷ்ய நாட்டுத் தலைநகரை அடைந்தது. மடத்தின் தலைவர் பின்னர் அதனை ருஷ்ய மன்னருக்குக் கொடையாக அளித்ததாக 1869-இல் ஒப்பமிட்ட ஆவணமும் உண்டு. அவ்வொப்பம் எத்தகைய நெருக்கத்தில் இடப்பட்டது என்பது பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1933-இல் சோவியத் அரசு அச்சுவடியை 1,00,000 பவுனுக்குப் பிரிட்டனுக்கு விற்றது. இன்று அதன் 347 ஏடுகள் லண்டனிலும், எஞ்சியவை லைப்சிக், பீட்டர்ஸ்பர்க், சீனாய் ஆகிய இடங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. ரசீதின் மதிப்பை அறிந்த எம் போன்ற எழுத்தர்க்கு இவ்வரலாறு எளிதில் மறக்கக் கூடியதன்று. பொருளைப் பெற்றவர் மறந்தாலும், கொடுத்தவர் கையிலுள்ள சீட்டு மறப்பதில்லை.

அத்தகைய மடத்தின் வாயிலில் இரு பெண்மணிகள் சென்று நின்றனர். அவர்களிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. ஆயினும் துறவியரிடம் அவர்தம் கிரேக்க மொழியிலேயே பேசினர். நூலகப் பொறுப்பிலிருந்த கலாக்டியோன் என்னும் துறவியார் அவர்களை அன்புடன் ஏற்றுச் சுவடிகளை எடுத்துக் காட்டினார். ஐயத்தால் மூடிய கதவு மொழியினால் திறந்தது.

அங்கே ஆக்னஸ் அம்மையார் ஒரு பழுப்பேறிய தோற்சுவடியைக் கையிலெடுத்தார். அதன் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சிலவற்றைக் கையினாலும், பிரியாதவற்றைத் தேநீர்க் கெண்டியின் ஆவியில் காட்டியும் மெல்லப் பிரித்தார். மேலெழுத்து, புனித மகளிர் சிலரின் வரலாறு. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதன் அடியில் மங்கிய வேறோர் எழுத்துத் தெரிந்தது. பக்கத்தின் தலைப்பில் 'நற்செய்தி' என்னும் சொல்லையும், மத்தேயு, லூக்கா என்னும் பெயர்களையும் அவர் படித்தார். மேலெழுத்தே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாயின், அழிக்கப்பட்ட அடியெழுத்து அதனினும் எத்துணைப் பழையதாதல் வேண்டும் என உய்த்துணர்ந்தார். உடனே அச்சுவடி முழுவதையும் பக்கம் பக்கமாய்ப் புகைப்படம் எடுத்தார்.

அவர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றவை படங்களேயன்றிச் சுவடி அன்று. சுவடி, மடத்தின் அலமாரியிலேயே இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கின்றது.

படங்களைப் பர்க்கிட் என்னும் இளம் அறிஞரும், பென்ஸ்லி என்னும் முதிய பேராசிரியரும் கண்டனர். கண்டதும் வியப்பில் ஆழ்ந்தனர். நான்கு நற்செய்தி நூல்களின் மிகப் பழைய சிரியாக் மொழிபெயர்ப்பு அது. அவ்வகை மொழிபெயர்ப்பின் ஒரே ஒரு சுவடிதான் அதுவரை அறியப்பட்டிருந்தது. அதனைக் க்யூரட்டன் என்பவர் 1858-இல் வெளியிட்டிருந்தார். சீனாயில் கிடைத்த இப்படி, 4-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதென அறிஞர் கணிக்கின்றனர். மாற்கு நற்செய்தியின் முடிவில் பிற்காலப் படிகள் பலவற்றில் காணப்படும் பன்னிரண்டு வசனங்கள் இதில் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் இரு பெருங்கிரேக்கச் சுவடிகளிலும் அவை இல்லை. வெவ்வேறு மொழியில், வெவ்வேறு நாட்டில் எழுதப்பட்ட சான்றுகள் ஒன்றையே உரைக்குமாயின் அதன் வலிமை பெரிதன்றோ! சுவடி ஆராய்ச்சியின் பயன் இத்தகையது.

1893-இல் பென்ஸ்லி, பர்க்கிட், ஹாரிஸ் ஆகிய மூவரும் இரட்டையருடன் மீண்டும் சீனாய் சென்று, நாற்பது நாள் தங்கி, மூலச் சுவடியிலிருந்தே எழுத்தைப் பெயர்த்தெழுதினர். படிக்க இயலாத இடங்களில் ஆக்னஸ் அம்மையார் கடும் நாற்றமுடைய வேதிநீர் ஒன்றைத் தூரிகையால் தடவ, மறைந்த எழுத்து மேலெழுந்து வந்தது. பென்ஸ்லி ஊர் திரும்பிய சில நாட்களிலேயே மறைந்தார். 1894-இல் நூல் வெளியாயிற்று.

புகழ் வந்தவுடன் பூசலும் வந்தது. கண்டுபிடித்தவர் யார் என்பதில் வழக்கு எழுந்தது. பட்டம் பெறாத பெண்மணி ஒருவர் ஏதோ ஒரு சுவடியைப் படம் பிடித்து வந்தார்; அது இன்னதென்று கண்டவர் பேராசிரியர்களே என்று எண்ணியோர் இருந்தனர். இதற்கு இரட்டையர் அளித்த விடை போற்றத்தக்கது. மார்கரெட் அம்மையார், தம் உடன்பிறந்தாரின் நாட்குறிப்பைக் கொண்டு, சுவடி கண்டெடுத்த வரலாற்றை 1893-இலேயே தனி நூலாக எழுதி வெளியிட்டார். ஆக்னஸ் அம்மையாரோ 1895-இல் மீண்டும் பாலைவனம் கடந்து சென்று, பிறர் படிக்காமல் விட்ட பகுதிகளைப் படித்து வந்தார். அதன் பின்னரும் சென்றார். 1910-இல், தம் அறுபத்தேழாம் அகவையில், அச்சுவடியின் திருந்திய பதிப்பைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். உழைப்பு ஒன்றே அவர் காட்டிய சான்று.

அவர்தம் பணி இவ்வொரு சுவடியோடு நிற்கவில்லை. மடத்துச் சிரியாக் சுவடிகளுக்கு ஆக்னஸ் அம்மையாரும், அரபுச் சுவடிகளுக்கு மார்கரெட் அம்மையாரும் அட்டவணை இயற்றி 1894-இல் அச்சிட்டனர். எப்பொருள் எப்பெட்டியில் உள்ளது என்னும் பட்டியல் இல்லாத கிடங்கு இருந்தும் பயனில்லை என்பது சரக்கு அலுவலகத்தில் உழைப்போர் அனைவர்க்கும் தெரியும். சுவடிப் பெட்டிகளுக்கும் அது பொருந்தும்.

1896-இல் கீழ்நாட்டுப் பயணத்தில் அவர்கள் விலைக்கு வாங்கி வந்த ஏடுகளுள் எபிரேய ஏடொன்று இருந்தது. கேம்பிரிட்ஜில் யூத அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் அதனைக் காட்டினர். அது 'பென் சீரா' என்னும் ஞானநூலின் எபிரேய மூலம் என அவர் கண்டார். அம்மூலம் பல நூற்றாண்டுகளாய் எவர் கண்ணிலும் படாதிருந்தது. அவ்வேட்டின் தூண்டுதலால் ஷெக்டர் கெய்ரோ நகருக்குச் சென்று, அங்குள்ள யூதர் தொழுகைக் கூடத்தின் பழஞ்சுவடி அறையைத் திறந்தார். இன்று கேம்பிரிட்ஜில் உள்ள ஏறத்தாழ 1,93,000 ஏட்டுத் துணுக்குகள் அவ்வாறு வந்தவை. இடைக்கால யூதர்தம் வாழ்க்கையையும், அரபு நாடுகளோடும் இந்தியாவோடும் அவர்கள் நடத்திய வாணிகத்தையும் அவை எடுத்துரைக்கின்றன. அதற்கெல்லாம் வித்தாயிருந்தது, இரு அம்மையாரும் எறிந்துவிடாமல் போற்றிக் கொண்டுவந்த ஓர் ஏடு!

வேறொரு செய்தியும் கேளுங்கள். ஆக்னஸ் அம்மையார் விலைக்கு வாங்கி 1909-இல் பதிப்பித்த மற்றோர் அழித்தெழுது சுவடியை, அண்மைக்கால அறிஞர் பல நிற ஒளிகளில் படம் பிடித்து ஆராய்ந்தனர். அதன் அடியெழுத்தில், பழைய கிரேக்க வானநூலார் ஹிப்பார்க்கஸ் வகுத்த விண்மீன் அட்டவணையின் பகுதி காணப்பட்டதாக 2022-இல் அறிவித்தனர். காத்து வைத்த ஏடு, காத்தவர் காலத்திற்குப் பின்னும் பேசுகின்றது.

இத்துணைப் பணி புரிந்தவர்க்குத் தாம் வாழ்ந்த நகரின் பல்கலைக்கழகம் என்ன மதிப்பளித்தது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் அளிக்கத் தொடங்கியது 1948-இல்தான். ஆக்னஸ் அம்மையாரோ 1926-இலேயே மறைந்துவிட்டார். மார்கரெட் அம்மையார் 1920-இல் மறைந்தார். அயல் பல்கலைக்கழகங்கள் அவ்வாறு தயங்கவில்லை. ஹாலே, செயிண்ட் ஆண்ட்ரூஸ், ஹைடல்பெர்க், டப்ளின் ஆகியவை ஆக்னஸ் அம்மையாருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கின. 1915-இல் இராயல் ஆசியாட்டிக் சொசைட்டி பொற்பதக்கம் அளித்தது. தமக்குப் பட்டம் தராத நகரில், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி எழுவதற்கு நிலமும் பொருளும் இரட்டையர் வழங்கினர். 1899-இல் திறந்த அக்கல்லூரி இன்றும் அங்கு நிற்கின்றது.

அன்பர்களே! இவ்வரலாற்றைக் கேட்ட சிலர், "அவர்களிடம் செல்வம் இருந்தது, சமையற்கட்டும் அலுவலக மணியும் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை, நம்மால் ஆகுமா?" என்று வினவக் கூடும். நியாயமான வினாவே. மாதச் சம்பளத்தில் வாழும் நாம் ஒட்டகமேறிச் சீனாய் செல்ல இயலாது. ஆனால் செல்வமுடைய கைம்பெண்கள் அந்நாளைய இங்கிலாந்தில் பலர் இருந்தனர். நாற்பத்தெட்டாம் அகவையில் சிரியாக் எழுத்தைக் கூட்டிப் படிக்க அமர்ந்தவர் எத்தனை பேர்? செல்வம் அவருக்குக் கப்பற்கட்டணம் தந்தது. அரிச்சுவடியைக் கற்கும் பணிவை அவரே தேடிக் கொண்டார்.

அப்பணிவுக்கு நம் குடியிருப்பில் நிரம்ப வேலை உண்டு. நாம் பிழைக்க வந்த இவ்வூரின் மொழியைக் கடைத்தெருவின் தேவைக்கு மட்டும் கற்றோர் நம்மில் பலர். அதன் எழுத்தையும் படித்து, அண்டை வீட்டாரோடு அவர்தம் மொழியிலேயே நலம் உசாவிப் பழகினால் நமக்கும் கதவுகள் திறக்கும். சீனாயில் திறந்தது அவ்வாறுதானே!

மற்றொருபுறம், இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். ஆனால் படிக்க அறியாதோர் பெருகி வருகின்றனர். ஊரிலிருந்து பாட்டனார் எழுதிய பழங்கடிதம் பெட்டியில் இருக்கும். பேரன் அதனை எடுத்து, எழுத்துத் தெரியாமல் திரும்ப வைப்பான். எவரும் சுரண்டாமலே எழுத்து அழிவது இப்படித்தான். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பெற்றோர் விளையாட்டாய்க் கருதலாகாது. வகுப்பிற்குப் பிள்ளைகளோடு பெரியோரும் வருக. நாற்பது கடந்தது என்பது இனித் தடையாகக் கூறத் தக்கதன்று.

பெண்மக்களைப் பெற்றோர்க்குத் தனியே ஒரு சொல். மேற்கல்விக்கு இடமில்லையென்றோ, மணமாகி விட்டதென்றோ அவர்தம் புத்தகங்களைக் கட்டி மேலே ஏற்றி விடாதீர்கள். எந்தப் பெட்டியில் கிடக்கும் எந்தச் சுவடியை எவருடைய கண் காணவிருக்கின்றதோ, யார் அறிவார்!

இறுதியாக, பிறர் பொருளைக் கையாளும் முறை. அறிவின் பேராலும் பிறர்க்குரியதைத் திருப்பித் தராமல் வைத்திருத்தல் தகாது. ஆக்னஸ் அம்மையார் சுவடியை உரியவரிடம் விட்டு, அதன் அறிவை மட்டும் உலகுக்கு எடுத்து வந்தார். ஆதலால் மடத்தின் வாயில் அவருக்கு மீண்டும் மீண்டும் திறந்தது. நம் சங்க நூலகத்தில் இரவல் பெற்ற நூல்களை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள் இதனைச் சிறிது நினைவிற் கொள்வார்களாக. இரவல் பதிவேடு எம் பொறுப்பிலேயே உள்ளது என்பதையும் வணக்கத்துடன் தெரிவித்துக் கொள்கின்றோம்.